சாமந்தியல்லாத சாமந்தி: குழாய்வாழ் கடலுயிரிகளின் வகைப்பாட்டு வரலாறும் மும்பைக் கரையும்

தமிழ்ப் பாடநூல்களில் 'கடற்சாமந்தி' என்றொரு சொல் வழங்குகிறது. துறவி நண்டு குடியிருக்கும் சங்கின்மேல் ஒட்டிக்கொண்டு அதனோடு பயணம் செய்யும் உயிரியாக, கூட்டுவாழ்வுக்கு எடுத்துக்காட்டாக, அது பள்ளி மாணவர்க்கு அறிமுகமாகிறது. பார்வைக்குப் பூ; உண்மையில் கொட்டும் செல்களால் இரையைப் பிடித்து உண்ணும் விலங்கு. இந்தப் பெயருக்கு முன் 'குழாய்' என்ற அடையைச் சேர்த்தால் 'குழாய்க் கடற்சாமந்தி' கிடைக்கிறது. சேற்றிலும் மணலிலும் தானே ஒரு குழாயை அமைத்து, அதற்குள் உடலை மறைத்துக்கொண்டு, உணர்கொம்புகளை மட்டும் நீரில் விரித்து வாழும் உயிரிக்கு இப்பெயர் வழங்குகிறது.

சிக்கல் இந்தத் தொகைச்சொல்லிலேயே தொடங்குகிறது. 'தேக்குமரம்' என்றால் தேக்கு மரங்களுள் ஒரு வகை. அந்த அமைப்பைப் பின்பற்றிப் பொருள் கொள்பவர் குழாய்க் கடற்சாமந்தியைக் கடற்சாமந்திகளுள் ஒரு வகை என்றே கருதுவார். ஆனால் அது 'நட்சத்திர மீன்' போன்ற தொகை. நட்சத்திர மீன் மீனன்று. குழாய்க் கடற்சாமந்தியும் கடற்சாமந்தியன்று. முன்னது செரியாந்தேரியா என்ற குழுவையும் பின்னது ஆக்டினியேரியா என்ற வரிசையையும் சேர்ந்தவை. இவ்விரண்டின் கிளைகளும் பரிணாம வரலாற்றில் மிகத் தொலைவிலேயே பிரிந்துவிட்டன. பவளப்பாறைகளைக் கட்டும் பவள உயிரிகள், குழாய்வாழ் உயிரிகளைக் காட்டிலும் உண்மைக் கடற்சாமந்திகளுக்கு நெருங்கிய உறவினர்.

இந்த வேறுபாட்டை அறிவுலகம் எவ்வாறு கண்டுகொண்டது, இந்தியக் கடற்கரை ஆய்வில் அது ஏன் நெடுங்காலம் ஓரத்திலேயே நின்றது, ஒரு பெருநகரின் கரையில் சட்டம் நுழையும்போது அதன் விளைவு என்ன ஆகிறது என்பவை இக்கட்டுரையின் பொருள்.

1. எவ்வாறு இனங்காண்பது?

உண்மைக் கடற்சாமந்திக்குப் பெரும்பாலும் ஓர் அடித்தட்டு இருக்கும். அதைக் கொண்டு பாறையையோ சங்கையோ பற்றிக்கொள்ளும். குழாய்வாழ் உயிரிக்கு அடித்தட்டு இல்லை. அதன் உடல் நீண்டு, கீழ்முனை குறுகி, அம்முனையில் ஒரு சிறு துளையுடன் முடிகிறது. அதனால் பாறையைப் பற்ற இயலாது. படிவில் புதைந்தே வாழ வேண்டும்.

இரண்டாவது அடையாளம் உணர்கொம்புகள். குழாய்வாழ் உயிரியில் அவை இரு தனி வளையங்களாக அமைந்துள்ளன. வெளி வளையத்தில் நீண்ட, மெல்லிய, இரைபிடிக்கும் கொம்புகள். வாயைச் சூழ்ந்த உள் வளையத்தில் குட்டையானவை. நீருக்கடியில் எடுத்த நல்ல ஒளிப்படத்தில் இவ்விரு வளையங்களையும் காண முடியும். களத்தில் முதலில் பார்க்க வேண்டிய பண்பு இதுதான்.

மூன்றாவது அடையாளத்தை அறுத்துப் பார்த்தாலன்றி அறிய இயலாது. இவ்வுயிரிகளின் உடற்குழி செங்குத்தான தடுப்புச்சவ்வுகளால் அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. உண்மைக் கடற்சாமந்தியில் இச்சவ்வுகள் இணை இணையாக, வட்டத்தின் பல இடங்களில் தோன்றி வளரும். குழாய்வாழ் உயிரியிலோ வாழ்நாள் முழுவதும் புதுச் சவ்வுகள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். வாயிலிருந்து உள்ளே நீரைச் செலுத்தும் பள்ளம் ஒன்றே ஒன்று. அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் அந்த வளரிடம் அமைந்திருக்கிறது.

நான்காவது அடையாளம் குழாயின் மூலப்பொருள். கொட்டும் செல்களுக்குள் சுருண்டிருக்கும் நெமட்டோசிஸ்ட் என்ற நுண்ணுறுப்புகள் குழியுடலிகள் அனைத்துக்கும் பொது. குழாய்வாழ் உயிரிக்கு மட்டும் டைகோசிஸ்ட் என்றொரு தனிவகையும் உண்டு. 'மடிப்பு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உள்ளே மடிந்து கிடக்கும் இழை, செல் வெடித்தவுடன் நீண்டு வெளிவருகிறது. இரையைக் கொட்டுவது அதன் வேலையன்று. எண்ணற்ற இழைகள் ஒன்றோடொன்று பின்னி, கோழையும் சேற்றுத் துகளும் சேர்ந்து, தோல்போல் உறுதியான குழாயாகின்றன. வேறு உயிர்கள் எதிரியைத் தாக்க வைத்திருக்கும் படைக்கலத்தின் ஒரு திரிபைக் கொண்டு இவ்வுயிரி வீடு நெய்கிறது எனலாம். ஃபோரோனிஸ் ஆஸ்ட்ராலிஸ் என்ற புழுவடிவ உயிரி அந்தக் குழாய்ச் சுவரிலேயே குடியேறி வாழ்கிறது. ஆகவே குழாய் ஒருவர் மட்டும் வாழும் வீடும் அன்று.

2. ஐரோப்பிய அறைகளில் பெயர் பெற்ற கதை

செரியாந்தஸ் என்ற பேரினப் பெயரை 1841-இல் நேப்பிள்ஸ் நகரின் டெல்லே கியாஜே வழங்கினார். பத்தாண்டு கழித்து, 1851-இல், பிரெஞ்சு அறிஞர்களான மில்ன் எட்வர்ட்ஸ், ஹைம் ஆகிய இருவரும் அதைத் தனிக் குடும்பமாக்கினர். 1859-இல் இங்கிலாந்தின் ஃபிலிப் ஹென்றி காஸ் தம் நாட்டுக் கரையில் கிடைத்த ஓர் இனத்துக்கு லாயிட் என்ற மீன்தொட்டி வணிகரின் பெயரைச் சூட்டி 'செரியாந்தஸ் லாயிடியை' என்றழைத்தார். வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைப்பது நாகரிகமாக இருந்த காலம் அது. கடலுயிரிகளை உயிரோடு நெடுநாள் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்க்கு அத்தொட்டிகளின் வழியாகவே பெருகியது.

இதற்கிடையே குழப்பமொன்று வேறு திசையிலிருந்து வந்தது. 1846-இல் நார்வேயின் மைக்கேல் சார்ஸ், கடல்நீரில் மிதந்து திரியும் ஒரு சிறிய உயிரியைக் கண்டு 'அராக்னாக்டிஸ் ஆல்பிடா' என்று பெயரிட்டார். ஒட்டி வாழாமல் நீந்தும் கடற்சாமந்தி என்று அது கருதப்பட்டது. உண்மையில் அது முதிர்ந்த உயிரியன்று, குழாய்வாழ் குழுவைச் சேர்ந்த ஓர் இளவுயிரி என்பது பின்னரே தெளிவாயிற்று. இக்குழுவின் இளவுயிரிகள் பல வாரங்களோ அதற்கும் மேலாகவோ மிதவுயிரிகளாகத் திரிந்து, பிறகே கடலடியில் அமர்கின்றன. மிதவுயிரி வலையில் சிக்கிய இளவுயிரிக்கு ஒருவர் ஒரு பெயர் வைத்தார். சேற்றிலிருந்து தோண்டியெடுத்த முதிருயிரிக்கு இன்னொருவர் வேறு பெயர் வைத்தார். இரண்டும் ஓரினமா என்று சொல்ல எவராலும் இயலவில்லை. தாயும் சேயும் இரு வேறு பதிவேடுகளில் இரு வேறு பெயர்களோடு இருந்தன. அந்தக் கணக்கு இன்றும் முழுதாகத் தீரவில்லை.

இந்த இளவுயிரிகளை ஆழ்ந்து ஆராய்ந்தவர் பெல்ஜியத்தின் எட்வார்ட் வான் பெனெடன். 1889-இல் நடந்த ஜெர்மானிய மிதவுயிரிப் பயணத்தின் சேகரங்களை ஆய்ந்து 1897-இல் வெளியிட்ட நூலில், குழாய்வாழ் உயிரிகளின் தடுப்புச்சவ்வு அமைப்பு ஆண்டிபதேரியா என்னும் கரும்பவளங்களின் அமைப்பை ஒத்திருப்பதாகக் கண்டார். இரண்டையும் 'செரியாந்திபதேரியா' என்ற ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்தார். மரம்போல் கிளைத்து ஆழ்கடலில் நிற்கும் கரும்பவளத்துக்கும் சேற்றுக் குழாயில் ஒளியும் தனியுயிரிக்கும் உறவு கற்பித்த இப்பெயர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாடநூல்களில் வாழ்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, வான் பெனெடன் தவறாக நோக்கவில்லை என்பது. அவர் கண்ட ஒப்புமை உண்மையானது. ஒப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது என்பது வேறு செய்தி. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு இரு மொழிகளை ஒரு குடும்பத்தில் சேர்ப்பவர்க்கு வரலாற்று மொழியியல் விடுக்கும் எச்சரிக்கையும் இதுவே. பொதுவாகப் பெற்ற மாற்றம் உறவைக் காட்டும். பொதுவாக இழக்காமல் வைத்திருக்கும் பழமை உறவைக் காட்டாது.

3. 1977-உம் அதற்குப் பின்னும்

1977-ஆம் ஆண்டு இக்குழுவின் வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. மாரிஸ்கல், காங்க்லின், பிக்கர் ஆகிய மூவர் டைகோசிஸ்ட்டைத் தனிவகை நுண்ணுறுப்பாக வரையறுத்து, குழாய் கட்டுவதில் அதன் பங்கை விளக்கினர். அதே ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டென் ஹார்டோக், குழாய்வாழ் உயிரிகளை ஸ்பைருலேரியா, பெனிசிலேரியா என இரு பிரிவுகளாகப் பகுத்தார். கொட்டும் நுண்ணுறுப்புகளின் வகைகளும் உள்ளுறுப்பு அமைப்பும் அப்பகுப்புக்கு அடிப்படை. கண்ணுக்குத் தெரியும் நிறமும் வடிவும் அங்கே இரண்டாம் இடத்துக்குச் சென்றன.

மரபணு ஆய்வு வந்தபோது 'செரியாந்திபதேரியா' நிலைக்கவில்லை. கரும்பவளங்கள் பாறைப்பவளங்களோடும் உண்மைக் கடற்சாமந்திகளோடும் ஒரே கிளைத்தொகுதியில் சேர்ந்தன. குழாய்வாழ் உயிரிகள் அத்தொகுதிக்கு வெளியே, மிகத் தொடக்கத்தில் பிரிந்த கிளையாக நின்றன. 2014-இல் பிரேசிலின் செர்ஜியோ ஸ்டாம்பரும் உடனாய்வாளர்களும் இக்குழுவுக்குத் துணைவகுப்பு என்ற உயர்நிலை அளிக்க வேண்டும் என வாதிட்டனர். 2019-இல் ஸ்டாம்பர் குழுவினரே மேலும் வியப்பானதொரு முடிவை வெளியிட்டனர். விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதி பெரும்பாலும் வட்டமானது. குழாய்வாழ் உயிரிகள் இரண்டில் அது நேர்க்கோட்டுத் துண்டுகளாக இருந்தது. ஐசராக்னாந்தஸ் நாக்டர்னஸ் என்ற இனத்தில் அதன் நீளம் 80,000 காரஇணைகளைத் தாண்டியது. மனிதரில் அது 16,569 மட்டுமே.

ஆக, 1841 முதல் இன்றுவரை இவ்வுயிரி கடற்சாமந்திகளுள் ஒன்றாகவும், நீந்தும் சாமந்தியாகவும், கரும்பவளத்தின் உறவாகவும், தனித் துணைவகுப்பாகவும் மாறி மாறி எழுதப்பட்டிருக்கிறது. உயிரி மாறவில்லை. ஒவ்வொரு முறையும் எந்தப் பண்பைக் கொண்டு உறவைத் தீர்மானிப்பது என்ற முடிவுதான் மாறியது.

4. கல்கத்தா, சென்னை, பம்பாய்

இந்தியக் கரையில் இவ்வகை உயிரிகளைப் பற்றிய ஆய்வு உப்பங்கழிகளில் தொடங்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் கிரெட்டேசியக் காலத் தொல்லுயிர்ப் படிவங்களை விரிவாக எழுதியவர் என்ற வகையில் தமிழ்நாட்டு ஆய்வாளர்க்கு அறிமுகமானவர். அவரே 1869-இல் வங்கத்தின் கேனிங் துறைமுக உப்பங்கழியில் கிடைத்த ஒரு கடற்சாமந்தியின் உடலமைப்பை விளக்கினார். அக்கட்டுரைத் தலைப்பில் அவ்வுயிரி 'ஒரு புதிய பவளம்' என்றே குறிக்கப்பட்டது. அக்காலப் பயன்பாட்டில் 'பவளம்' என்ற சொல்லின் எல்லை எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்கு அது சான்று. ஸ்டோலிச்கா அதை சகார்ட்டியா பேரினத்தில் வைத்தார். நெல்சன் ஆனண்டேல் மெட்ரிடியத்தில் வைத்தார். இன்று அது டயாடுமீன் பேரினத்தில் இருக்கிறது. ஓர் உயிரி, மூன்று முகவரிகள்.

ஆனண்டேல் 1907-இல் கேனிங் துறைமுகக் குட்டைகளைப் பற்றியும், 1915-இல் சில்கா ஏரியைப் பற்றியும் எழுதினார். கங்கையின் பெயரையும் சில்காவின் பெயரையும் தாங்கிய இரு இனங்களை ஃபைட்டோசீட்டிஸ் என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார். 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. தெற்கே, 1927-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுக் கரையுயிரிகளைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டது.

1930-களில் மையம் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்துக்கு நகர்ந்தது. ஆர். கோபாலையரின் தலைமையிலிருந்த அவ்வாய்வகத்தில் என். கேசவப் பணிக்கர் என்ற இளம் ஆய்வாளர் கடற்சாமந்திகளைக் கையிலெடுத்தார். 1936-இல் ஸ்டீஃபன்சனாக்டிஸ் ஆர்னேட்டா, 1937-இல் பொலோசெராக்டிஸ் கோபாலை, 1938-இல் பீச்சியா டிராப்பிக்கா என அடுத்தடுத்துப் புதிய இனங்களைப் பெயரிட்டார். முதற்பெயர் பிரிட்டிஷ் கடற்சாமந்திகளைப் பற்றி இரு தொகுதிகள் எழுதிய டி. ஏ. ஸ்டீஃபன்சனை நினைவூட்டுகிறது, இரண்டாவது கோபாலையரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூன்றாவது, நம் பொருளுக்கு நெருக்கமானது. பீச்சியா மணலில் புதைந்து வாழும் உண்மைக் கடற்சாமந்தி. புதைந்து வாழ்கிறது, ஆயினும் நெய்த குழாய் இல்லை. இளவுயிரிப் பருவத்தில் இழுதுமீன்களை ஒட்டி வாழ்கிறது. 'புதைந்து வாழ்வது' என்ற ஒரே வாழிடப் பண்பைக் கொண்டு ஓர் உயிரியைக் குழாய்வாழ் குழுவில் சேர்க்கக்கூடாது என்பதற்குச் சென்னைக் கடற்கரையிலேயே கிடைத்த சான்று இது. பணிக்கர் பின்னாளில் மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆய்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கி, 1966-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

பம்பாயின் முறை 1960-களில் வந்தது. 1883-இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில், 1968-இல், ஏ. பருலேகர் பம்பாயின் கடற்சாமந்திகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவ்வாண்டு அவர் பெயரிட்ட இனங்களுள் ஒன்று ஆந்தோப்ளூரா பணிக்கரியை. 1969-இல் அதே இதழில் நியோஐப்டேசியா என்ற புதிய கூட்டுவாழ் பேரினத்தையும் அறிமுகப்படுத்தினார். சென்னையில் பணிக்கர் கோபாலையருக்குச் செய்ததைப் பம்பாயில் பருலேகர் பணிக்கருக்குச் செய்தார். இலத்தீன் வடிவிலுள்ள இப்பெயர்களை வரிசையாகப் படிப்பவர்க்கு இந்தியக் கடலுயிரியலின் தலைமுறைகள் தென்படும்.

பருலேகர் கட்டுரையின் தலைப்பில் 'ஆக்டினியேரியா' என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. அந்த ஒரு சொல் ஆய்வின் எல்லையை வரைகிறது: உண்மைக் கடற்சாமந்திகள் உள்ளே, குழாய்வாழ் உயிரிகள் வெளியே. 1993-இல் டென் ஹார்டோக், வென்னம் ஆகியோர் இந்திய மேற்குக் கரையின் சில இனங்களை லைடன் இதழில் விளக்கி, கோவாவின் அஞ்சுனா கடற்கரையின் பெயரால் ஆந்தோப்ளூரா அஞ்சுனே என்ற இனத்தை அறிமுகம் செய்தபோதும் தலைப்பில் அதே சொல்தான் இருந்தது. 1977-இல் குழாய்வாழ் உயிரிகளின் வகைப்பாட்டையே திருத்தியமைத்த அதே டென் ஹார்டோக் அவர். இது குறையன்று, ஒரு வரிசையைச் செம்மையாகச் செய்ய விரும்பும் வகைப்பாட்டாளர் எல்லை வகுத்துக்கொள்வது முறையே. ஆனால் எல்லைக்கு வெளியே நின்ற குழுவுக்கு இந்தியாவில் ஒரு பணிக்கரோ பருலேகரோ வாய்க்கவில்லை.

அதற்குக் காரணங்கள் உயிரியின் இயல்பிலேயே உள்ளன. தொட்டவுடன் அது குழாய்க்குள் ஆழப் பின்வாங்கும்; குழாய் உடலைவிடப் பன்மடங்கு நீளமானது; மண்வெட்டியால் தோண்டுபவர் பெரும்பாலும் அறுந்த மேற்பகுதியையே பெறுவார். கீழ்முனை இல்லாத மாதிரியைக் கொண்டு பேரினத்தைக்கூட உறுதிசெய்ய இயலாது. ஏனெனில் செரியாந்தஸையும் பாக்கிசெரியாந்தஸையும் பிரிக்கும் பண்புகள், எந்தத் தடுப்புச்சவ்வு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையே சார்ந்தவை. மயக்கமூட்டாமல் பதப்படுத்தினால் உடல் சுருங்கி உருக்குலையும். நிறமோ ஓரினத்துக்குள்ளேயே பலவாறு மாறும். உண்மைக் கடற்சாமந்திகளில் ஏறத்தாழ 1,100 இனங்கள் பெயர் பெற்றிருக்க, குழாய்வாழ் குழுவில் பெயர் பெற்றவை ஐம்பதை ஒட்டியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. பட்டியலில் இல்லாத உயிர்

வகைப்பாடு நூலகத்தோடு நின்றுவிடும் செய்தியாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அது சட்டத்துக்குள்ளும் நுழைகிறது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 ஜூலையில், குழியுடலிகளுள் ஐந்து பிரிவுகள் சேர்க்கப்பட்டன: பாறைகட்டும் பவளங்கள், கரும்பவளங்கள், உறுப்புக்குழல் பவளம், தீப்பவளங்கள், கடல்விசிறிகள். இவற்றுள் சில, தனி இனப்பெயரால் அல்லாமல் வரிசைப்பெயரால் குறிக்கப்பட்டன. 'ஆண்டிபதேரியா அனைத்தும்' என்று எழுதினால், நாளை கண்டுபிடிக்கப்படும் கரும்பவளத்துக்கும் காப்பு உண்டு. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் கரும்பவளங்கள் வரிசையாகவே இடம்பெற்றுள்ளன. 2001-இன் ஐந்து பிரிவுகளுள் உண்மைக் கடற்சாமந்தியும் இல்லை, குழாய்வாழ் உயிரியும் இல்லை. ஒரு நூற்றாண்டுக் காலம் 'செரியாந்திபதேரியா' என்ற ஒரே சொல்லுக்குள் இருந்த இருவருள் ஒருவர் மட்டும் சட்டத்துக்குள் வந்தார்.

இதன் பொருளை மும்பைக் கடற்கரைச் சாலைத் திட்டம் தெளிவாகக் காட்டியது. மரைன் டிரைவின் பிரின்சஸ் தெரு மேம்பாலத்திலிருந்து வொர்லி வரை 10.58 கிலோமீட்டர் செல்லும் அச்சாலைக்காக ஏறத்தாழ 111 ஹெக்டேர் கடற்பரப்பு தூர்க்கப்பட்டது. வொர்லி மீனவர் உள்ளிட்டோர் வழக்காடினர். 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் திட்டத்துக்கான கடலோர ஒழுங்குமுறை அனுமதியை ரத்துசெய்து, வனவிலங்குச் சட்ட அனுமதியும் வேண்டும் என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பணி தொடர்ந்தது. 2020-இல் வொர்லி, ஹாஜி அலிப் பாறைகளில் இருந்த பவளத் தொகுதிகள் தேசியக் கடலியல் நிறுவன அறிஞர்களின் துணையோடு மும்பைக் கரையிலேயே வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. அப்பவளங்களின் மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு.

ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான உயிர்ப்பரப்புக்கு அனுமதியும் ஆய்வாளரும் இடமாற்றமும் கிடைத்ததற்குக் காரணம், அதன் வரிசைப்பெயர் சட்டத்தில் அச்சாகியிருந்தது. அதே பாறைகளிலும் மணல்திட்டுகளிலும் வாழ்ந்த மற்றக் குழியுடலிகளுக்கு அத்தகைய அழைப்புச் சீட்டு இல்லை. பவளத்தைக் காத்தது தவறு என்பது இதன் முடிவன்று. எதைக் காப்பது என்று தீர்மானிக்கும் பட்டியல், எந்தக் குழுவுக்கு வகைப்பாட்டாளர் கிடைத்தார், எந்தக் குழுவுக்கு வணிக மதிப்பு இருந்தது என்ற பழைய தற்செயல்களையும் சுமந்துகொண்டு வருகிறது என்பதே முடிவு.

மும்பையின் மென்படிவுக் கரைகளை எண்ணும்போது இது மேலும் கூர்மையாகிறது. ஏழு தீவுகளை இணைத்து எழுந்த நகரம் இது. 1845-இல் மாஹிம் அணைப்பாதை திறக்கப்பட்ட காலத்திலிருந்தே கழிகளின் நீரோட்டம் மனிதர் கையால் திருத்தப்பட்டு வருகிறது. தாராவிக்கு வடக்கே மித்தி ஆறு மாஹிம் கழியில் கலக்கிறது. தமிழர் பெருந்திரளாய்க் குடியேறுமுன்பே அங்கே கோலி மீனவரின் ஊர் இருந்தது; தாராவி கோலிவாடா என்ற பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது. செம்பூருக்குக் கிழக்கே மாஹுல், டிராம்பே வழியாகத் தாணேக் கழியின் சேற்றுவெளி விரிகிறது. பூநாரைகளுக்காக 2015-இல் அக்கழியின் ஒரு பகுதி சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சர் தலமாயிற்று. பறவையின் பெயரால் சேற்றுக்குக் காப்பு கிடைத்தது நற்பேறு. அச்சேற்றுக்குள் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களின் பெயரால் எந்தச் சேறும் காக்கப்பட்டதில்லை.

6. ஒளிப்படமும் பெயரும்

2017-இல் தொடங்கிய 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற குடிமக்கள் முயற்சி, நீர்வற்றும் நேரங்களில் பொதுமக்களைக் கரைக்கு அழைத்துச் சென்று, காணும் உயிரிகளை ஒளிப்படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவுசெய்து வருகிறது. பருலேகருக்குப் பின் மும்பைக் கரையுயிரிகளின்மேல் இவ்வளவு கண்கள் ஒருசேரப் பதிந்தது இப்போதுதான் எனலாம். இப்பதிவுகளின் மதிப்பு பெரிது: எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தகைய படிவில் என்ற செய்திகள் எந்தச் சாடியிலுள்ள மாதிரியிலும் இவ்வளவு செறிவாகக் கிடைப்பதில்லை.

எனினும் குழாய்வாழ் உயிரியைப் பொறுத்தவரை ஒளிப்படம் ஓரளவுக்கே அழைத்துச் செல்லும். இரு வளையக் கொம்புகளும் குழாயின் விளிம்பும் தெரிந்தால் 'செரியாந்தேரியா' என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கு அப்பால் இனப்பெயரை எழுதுவது ஊகம். அப்படிப்பட்ட ஊகப்பெயர் ஒருமுறை தரவுத்தளத்தில் ஏறிவிட்டால், அடுத்த சுற்றுச்சூழல் அறிக்கை அதை எடுத்தாளும்; அதற்கடுத்தது முன்னதை மேற்கோள் காட்டும். சார்ஸின் அராக்னாக்டிஸ் நூற்றாண்டுக்கு மேல் உண்டாக்கிய குழப்பத்தை நினைவில் கொண்டவர், அறிந்த அளவோடு நிறுத்தி எழுதுவதன் பயனை உணர்வார். களப்பதிவில் உயர்நிலைப் பெயரோடு நிறுத்தி, நுண்ணுறுப்பும் தடுப்புச்சவ்வும் மரபணுவும் ஆராயப்பட்ட சில மாதிரிகளை முறையான அனுமதியோடு அருங்காட்சியகத்தில் சேர்ப்பதே இரண்டு அறிவுமுறைகளையும் இணைக்கும் வழி.

தமிழ்க் கலைச்சொல்லுக்கும் இங்கே ஒரு பொறுப்பு உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது, புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் உடையவையாகவும் சிப்பி வகைகளைச் சுவையுணர்வும் சேர்ந்தவையாகவும் வைத்தது. வடிவத்தைக் கொண்டு வகுக்காமல், உயிரி என்ன செய்ய வல்லது என்பதைக் கொண்டு வகுத்த முறை அது. 'கடற்சாமந்தி' என்ற சொல்லோ வடிவத்தைக் கொண்டு பிறந்தது. ஐரோப்பிய மொழிகளிலும் அப்படியே. பொதுவழக்கில் அது இருக்கட்டும். பாடநூலிலும் ஆய்விலும் சட்ட மொழிபெயர்ப்பிலும் செரியாந்தேரியாவுக்கு, சாமந்தியைத் தலைச்சொல்லாகக் கொள்ளாத தனிப்பெயர் வேண்டும். 'குழாய்நெய்யி' என்றோ, வேறு பொருத்தமான பெயரோ துறையினர் கூடி முடிவுசெய்யலாம். தனிப்பெயர் இருந்தால் தனிக் குழு என்ற எண்ணம் மாணவர் மனத்தில் முதல் நாளே பதியும். 'கடற்சாமந்திகள் ஏற்கெனவே ஆராயப்பட்டுவிட்டன' என்ற வாக்கியத்துக்குள் அக்குழு ஓசையின்றி மறைவது அப்போது நிற்கும்.

மும்பையின் மேற்குக் கரையிலும் கழிகளிலும் தூர்ப்பும் பாலங்களும் இன்னும் திட்டமிடப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் உயிரிப் பட்டியல் தயாரிக்கப்படும். அப்பட்டியலில் சேற்றுக் குழாய்க்குள் இருக்கும் உயிர்கள் சரியான பெயரோடு இடம்பெற வேண்டுமானால், சேறு தூர்க்கப்படுமுன் அவற்றை அறிந்த ஆய்வாளர்கள் சிலரேனும் மும்பையிலும் சென்னையிலும் உருவாக வேண்டும். கோபாலையர் ஆய்வகத்தில் 1930-களில் ஓர் இளம் ஆய்வாளர் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்ததால்தான் பம்பாய்க் கடற்சாமந்திகளுக்குப் பின்னாளில் பெயர்கள் கிடைத்தன. செரியாந்தேரியாவைத் தேர்ந்தெடுக்கும் இந்திய மாணவருக்கான இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.